தெம்பனிஸில் பனி

எங்கள் பேட்டையின் பெயரைத்
தமிழில் எழுதினால் நடுவே பனி இருக்கும்.
சமூக மன்றப் பலகையில் அதைக் கண்டுபிடித்தபோது
எனக்குப் பன்னிரண்டு வயது.
பலகைக்குக் கீழே ஒருவர் விசிறிக்கொண்டிருந்தார்.

உண்மைப் பனி இருந்தது மேற்குக் கோடியில்,
ஒரு மாலின் மூன்றாம் மாடியில்.
பொதுமக்கள் விழுந்தெழுந்து முடித்த பிறகு
இரவு பத்தே முக்காலுக்கு எங்களுக்குத் தருவார்கள்,
மணிக்கு இத்தனை வெள்ளி என்று.
எம்ஆர்டியில் என் பையைப் பார்த்து
"செல்லோவா?" என்று கேட்டார் ஒரு சீனத்து மாது.
"கோல்காப்பாளர்" என்றேன்.
அவர் கால்களை இழுத்துக்கொண்டார்.

சறுக்கத் தெரியாதவளைக் கம்பங்களுக்கு நடுவே நிறுத்தினார்கள்.
நின்றேன். அவ்வளவுதான் தொடக்கம்.

திரும்பும்போது ரயில் இருக்காது.
அப்பாவின் டாக்சிக்கு நான்தான் கடைசிச் சவாரி.
மீட்டர் போடமாட்டார்; ஜன்னலைத் திறந்துவிடுவார்,
கையுறை நாற்றத்துக்கு.

உயர்நிலை மூன்றில் பெரும்பொழுது ஆறு.
முன்பனிக்கும் பின்பனிக்கும் என்ன வித்தியாசம்?
"இங்கே ஏசி இருபதா, பதினாறா என்பதுதான்"
என்று சிரித்தார் குமுதவல்லி மிஸ்.
பிறகு புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார்:
முன்னிரவில் விழுந்தால் முன்பனி,
பின்னிரவில் விழுந்தால் பின்பனி.
பத்தே முக்காலுக்கு இறங்கிப்
பன்னிரண்டேகாலுக்கு ஏறுகிறவள்
கை தூக்கவில்லை.

இருபத்து மூன்றில் ஒப்பந்தம் வந்தது,
வடக்கு சுவீடனில்,
கடைசிவரை நான் சரியாக உச்சரிக்காத ஓர் ஊரிலிருந்து.
இரண்டே பக்கம்.
மாதம் ஆயிரத்து நூறு வெள்ளிக்குச் சமம்,
லுத்மிலாவோடு பாதி அறை,
பாதி சைக்கிள்,
ஆண்கள் ஆடும் நாள்களில் கடையில் கோப்பி ஊற்றும் வேலை.
"இது சம்பளமா, கைச்செலவா?" என்றாள் அம்மா.
தொழில்முறை ஆட்டக்காரி என்று
குடிநுழைவுப் படிவத்தில் எழுதினேன்.
பேனா அங்கே மட்டும் அழுத்திப் பதிந்திருந்தது.

ஏரி உறைந்தால் அங்கே யாரும் காசு கேட்பதில்லை.
ஆறு வயதுப் பிள்ளைகள்
பள்ளிக்கூடப் பையை ஓரத்தில் வீசிவிட்டு ஆடினார்கள்.
என்னால் நெடுநேரம் பார்க்க முடியவில்லை.
பொறாமைதான். வேறு பெயர் வைக்கமாட்டேன்.

இரண்டாம் பருவம், பிப்ரவரி.
முப்பத்தொரு அடிகள்.
தோளில், முகமூடியில், ஒன்று தொண்டைக்காப்பில்.
மூன்று நாள் குரல் வரவில்லை.
கடைசி அடி முழங்கால்களுக்கு நடுவே போனது;
மெதுவாக,
ஊர்ந்துதான் போனது.
வலது முட்டி மூட மறுத்தது.

ஏப்ரலில் நிர்வாகி செய்தி அனுப்பினாள்:
புதுப்பிக்கவில்லை, எல்லாவற்றுக்கும் நன்றி,
ஒரு சிரிப்பு முகம்.
அந்தச் சிரிப்பு முகத்துக்கு என்ன பதில் அனுப்புவது என்று
காலைவரை யோசித்தேன்.

என் மசேநிதிக் கணக்கில்
அந்த இரண்டு ஆண்டுகளும் வெறும் கோடுகள்.

இப்போது ஜூரோங்கில், குளிர்பதனக் கிடங்கில்.
கழித்தல் இருபது பாகை, இறால் பெட்டிகள், ஃபோர்க்லிஃப்ட்.
குளிருக்குத் தனிப்படி உண்டு,
மாதம் நூற்றைம்பது வெள்ளி.
முதல் சம்பளச் சீட்டில் அந்த வரியைப் பார்த்து
சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
மேற்பார்வையாளர் கணக்கு தவறோ என்று வாங்கிப் பார்த்தார்.

புதன்கிழமைகளில் இன்னும் போகிறேன்.
பெண்கள் நான்கு பேர்தான், அணிக்குப் போதாது;
வங்கிக்காரப் பையன்களோடு ஆடுகிறோம்.
பாவம் பார்த்து மெதுவாக அடிக்கிறவனை
எனக்குப் பிடிக்காது.
ஓங்கி அடிக்கிற மெல்வினைப் பிடிக்கும்.

வியாழன் காலை,
வீவக ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில்
கையுறைகள், மார்க்கவசம், காலுறைகள்.
பக்கத்துக் கழியில் ரோஹாயா மக்சிக்கின் படுக்கை விரிப்புகள்,
என் நாற்றத்துக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளி.
இன்று அவர்தான் கத்தினார்: "ஹூஜான்! ஹூஜான்!"
சமையலறைத் தரையில் முட்டி மடங்கச் சறுக்கிப் போய்
கழியை இழுத்தேன்.
பாதிதான் காப்பாற்ற முடிந்தது.

இடது கையுறைக்குள் கைவிட்டேன்.
சொதசொதவென்று,
வெதுவெதுப்பாக,
எங்கள் ஊர் மழை.